சீட்டில் இல்லாத பாவம்

செப்டம்பர் 6

மேய்ப்புப்பணிப் பாடத்துக்காக நாங்கள் எல்லோரும் பயிற்சிக் குறிப்பேடு எழுதிக் கொடுக்க வேண்டும். அதில் ‘இன்று செவிமடுத்தலின் ஆழத்தை உணர்ந்தேன்’ என்றெல்லாம் எழுதுகிறேன். பத்துக்கு எட்டு போடுகிறார்கள். இது அந்தக் குறிப்பேடு இல்லை. இது எனக்கு. மெஸ் சாம்பாரில் கிடந்தது கத்தரிக்காய்க் காம்பா வேறு ஏதாவதா என்ற சர்ச்சையும் இதில் வரும்.

நாளைக்கு மறதி வந்தால் உதவும் என்பதால் முதலில் என்னைப் பற்றி. பெயர் ஜெசிந்தா, வயது அறுபத்தொன்று. திருச்சி ரயில் நிலையத்தில் முன்பதிவு கவுண்டரில் முப்பத்திரண்டு வருஷம். ஓய்வு பெற்ற மறுமாதமே திண்டுக்கல் பக்கம் இருக்கிற இந்த இறையியல் கல்லூரிக்கு முதுகலை விண்ணப்பம் போட்டேன். "ரிட்டயர் ஆனா எல்லாரும் வேளாங்கண்ணிக்குப் போயிட்டு வருவாங்க. நீ என்னம்மா சாமியார் காலேஜுக்கே போற?" என்று கோயம்புத்தூரிலிருந்து மகன் ரூபன் சிரித்தான். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தை முப்பது வருஷமாக மனசுக்குள் திருத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தவள் நான். படித்துவிட்டுத் திருத்தலாமே என்று வந்தேன். இப்போது இரண்டாம் ஆண்டு. வகுப்பில் குருமாணவர்களும் கன்னியர்களுமாக நாற்பது பேர், அவர்களோடு நான் ஒருத்தி.

இன்று ஃபாதர் கஸ்பார் வகுப்பில் ஆள் கேட்டார். அடுத்த வருஷம் குருவாகப் போகிற திருத்தொண்டர்கள் பாவசங்கீர்த்தனம் கேட்டுப் பழக வேண்டும், பாவிகளாக நடிக்க யார் வருகிறீர்கள் என்றார். கன்னியர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன்.

செப்டம்பர் 9

முதல் பயிற்சி. கருத்தரங்க அறையில் இரண்டு நாற்காலி, நடுவில் பிரம்புத் தட்டி. ஃபாதர் கஸ்பார் ஒரு பழைய பிஸ்கட் டப்பா வைத்திருக்கிறார். அதில் சீட்டுகள். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு பாவியும் ஒரு பாவமும். எடுத்துப் படித்துவிட்டு அந்த ஆளாக நான் தட்டிக்கு இந்தப் பக்கம் மண்டியிட வேண்டும். அந்தப் பக்கம் இருப்பவர் கேட்டு, ஆலோசனை சொல்லி, பாவத்துக்குப் பரிகாரமாக ஒரு அபராதம் கொடுப்பார். மன்னிப்புச் செபத்துக்கு முன்னால் ஃபாதர் மணி அடித்துவிடுவார். இது ஒத்திகைதான், அருளடையாளம் இல்லை.

"ஒரே ஒரு சட்டம்" என்றார் ஃபாதர். "சொந்தப் பாவத்த இங்க யாரும் கொண்டு வரக் கூடாது. அதுக்கு வேற எடம் இருக்கு. கொண்டு வந்தா அன்னைக்குப் பயிற்சி செல்லாது."

எனக்கு வந்த சீட்டு: ‘நாற்பது வயது ஆண். கோபத்தில் மேலாளரின் செருப்பைக் குப்பைத்தொட்டியில் போட்டவர்.’ கரகரப்பான குரலில் ஆரம்பித்தேன். அந்தப் பக்கம் சூசைநாதன். இவருக்கு நாற்பத்து மூன்று வயது. முதுகுளத்தூர் பக்கத்து ஆள். குருமடத்துக்கு வருவதற்கு முன் பத்து வருஷம் போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டர்.

"எத்தன மணிக்குப் போட்டீங்க?" என்றார்.

"மத்தியானம், சாமி."

"மத்தியானம்னா? சாப்பாட்டுக்கு முன்னயா, பின்னயா? வலது காலா, இடது காலா? பக்கத்துல யாரும் பாத்தாங்களா?"

ஃபாதர் கஸ்பார் மணியை இரண்டு கையாலும் அடித்தார். "பிரதர், மனசு உடைஞ்சு வந்திருக்காரு அந்த ஆளு! நீர் எஃப்.ஐ.ஆர். போடுறீரா?"

வகுப்பே சிரித்தது. சூசைநாதனும் சிரித்தார். ஆனால் அவர் காது சிவந்திருந்ததை நான் பார்த்தேன். ஜூலையில் நடந்த தேர்விலும் இதே கேள்விப் புத்தியால்தான் அவரை நிறுத்திவிட்டார்களாம். நவம்பரில் மறுதேர்வு. அதிலும் தவறினால் ஜனவரியில் குருப்பட்டம் கிடையாது, இன்னொரு வருஷம் காத்திருக்க வேண்டும்.

செப்டம்பர் 14

மாலையில் துணி எடுக்கப் போனபோது சூசைநாதன் வந்து நின்றார். போலீஸ் பழக்கத்தில் என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவார்.

"மேடம், தனியா எனக்குக் கொஞ்சம் பழகிக் குடுப்பீங்களா? உங்க பாவமெல்லாம் அசலா இருக்கு."

இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். ஏன் போலீஸை விட்டீர்கள் என்று கேட்டேன்.

"ஸ்டேஷனுக்கு வர்றவங்க அழுதுக்கிட்டே சொல்லுவாங்க மேடம். நான் குனிஞ்சு எழுதிக்கிட்டே இருப்பேன். மூஞ்சியப் பாத்ததே இல்ல. எழுதாம ஒருத்தர் சொல்றதக் கேக்கணும்னு ஆசையா இருந்துச்சு. அதுக்குத்தான் வந்தேன். வந்த எடத்துலயும் வாய் பழைய வேலையத்தான் பாக்குது."

எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. நானும் முப்பத்திரண்டு வருஷம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து முகம் பார்க்காமல் ‘அடுத்து’ சொன்னவள்தான். செவ்வாய், வெள்ளி மாலை நாலரை மணிக்கு என்று வைத்துக்கொண்டோம். பக்கத்து அறை சிஸ்டர் பெனிட்டா துணைக்கு மூலையில் உட்கார்ந்து கிரேக்கம் படிப்பார்.

செப்டம்பர் 21

குரங்குகள் சிறுமலையிலிருந்து இறங்கிவிட்டன. சிஸ்டர் பெனிட்டாவின் கிரேக்க அகராதியில் சிக்மா முதல் ஒமேகா வரை காணோம்.

செப்டம்பர் 27

சூசைநாதன் வாயை அடக்க வழி கண்டுபிடித்துவிட்டேன். புளிப்பு மிட்டாய்! கல்லூரி வாசல் கடையில் பாட்டில் நிறைய இருக்கிறது. பாவி பேச ஆரம்பித்ததும் ஒன்றை வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். அது கரைகிற வரை பேசக் கூடாது. கரைந்த பிறகு ஒரே ஒரு கேள்வி.

முதல் தடவை நறுக்கென்று கடித்து விழுங்கிவிட்டு, "அந்த மாட்டக் கட்டுன கயிறு எங்க?" என்றார். கடித்தால் செல்லாது என்று விதியைத் திருத்தினேன். ஐந்தாவது பாவியில் மனிதர் முழு மிட்டாயையும் கரைத்தார். அது வரை நான் பேசிக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று. எதிரே ஆள் பேசாமல் இருந்தால் நாம் எவ்வளவு சொல்லிவிடுகிறோம்! சீட்டில் ஒரு பால்காரரைப் பற்றி இரண்டு வரிதான் இருந்தது. நான் அந்தப் பால்காரருக்கு மனைவி, மச்சினன், ஊனமான காளை எல்லாம் கொடுத்துவிட்டேன்.

ரூபன் பேசினான். சாப்பாடு, மாத்திரை விசாரித்துவிட்டு, "தஞ்சாவூர்லேர்ந்து யாராச்சும் பேசினாங்களா?" என்றான். இல்லை என்றேன். என்ன கேள்வி இது. ஒன்பது வருஷமாக இல்லாதது இன்று எதற்கு வரும்?

அக்டோபர் 5

சீட்டுகள் தீர்ந்துவிட்டன. "நீங்களே ஒன்னு சொல்லுங்க மேடம்" என்றார். சட்டென்று வாயில் வந்ததைச் சொன்னேன். ஒரு பெண், தங்கச்சியோடு பேச்சுவார்த்தை இல்லை. அம்மா சாகக் கிடந்தபோது இவள் தங்கச்சிக்குப் போன் பண்ணியிருக்கிறாள், அவள் எடுக்கவில்லை. அடக்கத்துக்கு நேரம் கழித்து வந்து பழியை இவள் மேல் போட்டாள். இவளுக்குக் கோபம் ஆறவில்லை. கற்பனைதான். எங்கிருந்தாவது எடுக்க வேண்டுமே.

மிட்டாய் கரைந்தது. சூசைநாதன் மெதுவாகக் கேட்டார். "எத்தன தடவ போன் பண்ணீங்க?"

அவ்வளவுதான், எனக்கு வந்ததே கோபம். "நீங்க ஜென்மத்துக்கும் திருந்த மாட்டீங்க பிரதர். எழுதுங்க, நல்லா உக்காந்து எழுதுங்க!" என்று தட்டியைத் தள்ளிவிட்டு வந்துவிட்டேன். தட்டி சிஸ்டர் பெனிட்டாவின் மேல் விழுந்தது.

நியாயமான கோபம். பாவியிடம் எண்ணிக்கையா கேட்பது?

அக்டோபர் 6

தலைவலி. வகுப்புக்குப் போகவில்லை.

அக்டோபர் 11

சிஸ்டர் பெனிட்டா மெஸ்ஸிலிருந்து திருட்டுத்தனமாக இரண்டு முட்டை கொண்டுவந்து, அயர்ன் பாக்ஸைக் கவிழ்த்து வைத்து ஆம்லெட் போட்டார். வேறு எந்த ஊர்க் கன்னியர் எவரும் இந்த வித்தை அறியார். சாப்பிட்டுக்கொண்டே, "என்னமோ கேட்டாருன்னு இவ்வளவு கோவமா ஆன்ட்டி? கேஸு கற்பனைதான?" என்றார்.

"கற்பனைதான்."

"அப்ப ஒரு நம்பர் சொல்லிட்டுப் போயிருக்கலாமே. மூணு தடவன்னு."

ஆம்லெட்டில் உப்பு கூடிவிட்டது என்றேன்.

இங்கே எனக்குள் எழுதிக்கொள்வதில் என்ன. எனக்கும் தஞ்சாவூருக்கும் பேச்சு இல்லைதான். அம்மாவைக் கடைசி நாலு வருஷம் திருச்சியில் என் வீட்டில் வைத்துப் பார்த்தவள் நான். தஞ்சாவூர் தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஆப்பிளோடு வந்து போகும். கடைசியில் தகவல் சொல்லவில்லை என்று சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று சொந்தக்காரர்கள் முன்னால் கேட்டது. போன் எடுக்கவில்லை என்றேன். அதுதான் நடந்தது. எல்லோருக்கும் தெரியும்.

அக்டோபர் 19

சூசைநாதன் ஒரு பாட்டில் நிறையப் புளிப்பு மிட்டாயோடு வந்து நின்றார். "தப்பு என் மேலதான் மேடம். வாய் முந்திருச்சு." மன்னிப்பு கேட்கிற ஆள் நம்மைவிட உயரமாக இருந்தால் சங்கடமாக இருக்கிறது. உட்காரச் சொல்லி, ஒரு மிட்டாயை நானும் போட்டுக்கொண்டேன்.

அவருடைய அப்பா முதுகுளத்தூரில் குருப்பட்ட அழைப்பிதழுக்குப் படம்கூடத் தேர்ந்தெடுத்துவிட்டாராம். அச்சகத்தில் கொடுக்கவா என்று தினமும் கேட்கிறாராம். "தேர்வு முடியட்டும்னு சொல்லி வச்சிருக்கேன். அப்பாவுக்கு எம்பத்தி ரெண்டு மேடம். இன்னொரு வருஷம்னு எப்படிச் சொல்றது?"

இந்த ஆள் ஜெயிக்க வேண்டும். வேறு எதையும் நான் யோசிப்பதாக இல்லை. இன்று மூன்று பாவங்கள். மூன்றுக்கும் வாயைத் திறக்கவில்லை. மூன்றாவதில் தூங்கிவிட்டாரோ என்று தட்டியை விலக்கிப் பார்த்தேன். விழித்துக்கொண்டுதான் இருந்தார்.

நவம்பர் 2

கல்லறைத் திருநாள். முதல் பஸ்ஸில் திருச்சி போனேன். அம்மாவின் கல்லறையைக் கழுவி, செவ்வந்தி பரப்பி, மெழுகுவர்த்தி வைத்தேன். எப்போதும் காலையில் நான். மத்தியானத்துக்கு மேல் தஞ்சாவூர் வந்து போகும். ஒன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட எதிரெதிரே பட்டதில்லை. ஒப்பந்தம் எதுவும் கிடையாது, ஆனால் ரயில்வே கால அட்டவணையைவிட ஒழுங்காக நடக்கிறது.

நான் கல்லறை முழுவதும் பூப் பரப்ப மாட்டேன். தலைமாட்டில் ஒரு முழம் இடம் விட்டுவிடுவேன். தஞ்சாவூர் வந்து அங்கே சம்மங்கி வைப்பது வழக்கம். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, ஒரு வருஷம் மறுநாள் போய்ப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். என் பூவின் மேல் ஒரு இதழ்கூட விழாமல் வைத்திருந்தது.

கோபமாக இருக்கிறவர்கள் இப்படி ஒழுங்காக வைப்பார்களா என்று பஸ்ஸில் வரும்போது தோன்றியது. பக்கத்து சீட்டுக்காரர் முறுக்கு கொடுத்தார்.

நவம்பர் 10

ஃபாதர் கஸ்பாருக்குக் காய்ச்சல். போர்வையைப் போர்த்திக்கொண்டு வகுப்பெடுத்தார். பாவசங்கீர்த்தனம் கேட்கும் குரு ஒருபோதும் கேட்கக் கூடாத கேள்வி எது என்றார். எல்லோரும் ஒரே குரலில், "கூட்டாளியின் பெயர்!" என்றோம். பாவத்தில் கூட இருந்தவர் யார் என்று குரு பெயர் கேட்கக் கூடாது. திருச்சபைச் சட்டமே சொல்கிறது. ஃபாதர் சூசைநாதனைப் பார்த்து, "ஊர்ல எல்லாருக்கும் பேரு உண்டு பிரதர். உமக்கு வேண்டாம்" என்றார்.

சூசைநாதன் அதைக் கையில் பேனாவால் எழுதிக்கொண்டார். ‘பேர் கேட்காதே.’

நவம்பர் 17

நாளைக்குத் தேர்வு. நான்தான் பாவி. சூசைநாதனைவிட எனக்குப் பதற்றம் அதிகம். வெளுத்த சேலை ஒன்றை எடுத்து வைத்தேன், பாவிக்குப் பட்டு எதற்கு.

அம்மா கடைசி இரண்டு நாள் கண் திறந்தபோதெல்லாம் கூப்பிட்டாள். என்னை இல்லை.

சேலைக்கு ஃபால்ஸ் பிரிந்திருக்கிறது. தைக்க வேண்டும்.

நவம்பர் 18

எப்படி நடந்ததோ அப்படியே எழுதிவிடுகிறேன்.

பத்து மணி. ஃபாதர் கஸ்பார் இன்னும் போர்வையோடு. பக்கத்தில் ஆயர் இல்லத்திலிருந்து வந்த வெளித்தேர்வாளர், சிரித்த முகமான ஒரு ஃபாதர். தட்டிக்கு அந்தப் பக்கம் சூசைநாதன், கன்னத்தில் மிட்டாய் உப்பியிருந்தது. நான் டப்பாவுக்குள் கையை விட்டேன். காய்ச்சலில் ஃபாதர் சீட்டுகளைச் சுருக்கமாக எழுதியிருந்தார். எனக்கு வந்தது: ‘அறுபது வயதுப் பெண். பொய் சொன்னவர்.’ அவ்வளவுதான்.

மண்டியிட்டேன். பக்கத்து வீட்டுக்காரி, தண்ணீர்க் குழாய், ஒரு பொய் என்று கதை தயாராகத்தான் இருந்தது.

"பொய் சொன்னேன், சாமி" என்றேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நான் சொல்லிக்கொடுத்த மௌனம்தான். அதில் நானே வழுக்கி விழுவேன் என்று யாருக்குத் தெரியும்?

"எங்கம்மா சாகக் கெடந்தப்ப தங்கச்சிக்குப் போன் பண்ணேன், அவ எடுக்கலன்னு எல்லார்ட்டயும் சொன்னேன். நான் பண்ணவே இல்ல, சாமி. ஒரு தடவகூட. ரெண்டு நாளும் போன் கையிலயேதான் இருந்துச்சு."

அந்தப் பக்கம் மிட்டாய் பல்லில் உரசியது.

"நாலு வருஷம் பாத்தது நானு. குளிப்பாட்டுனது, ஊட்டுனது, பீ மூத்திரம் அள்ளுனது எல்லாம் நானு. கடைசி ரெண்டு நாளு என் மூஞ்சியப் பாத்துப் பாத்து அவ பேரச் சொன்னாங்க அம்மா. என் பேர ஒரு தடவ சொல்லியிருக்கலாம்ல? வரட்டும், அவளாத் தெரிஞ்சு வரட்டும்னு இருந்துட்டேன். பெட்டிய மூடுன பிறகு வந்தா. போன் எடுக்கலன்னு அத்தன பேர் முன்னால சொன்னேன்."

என் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. துடைக்கக் கைக்குட்டை இல்லை, முந்தானைதான். நாற்காலி கிரீச்சிட்டது. ஃபாதர் கஸ்பார் இருமினார். ஒரு முழு மிட்டாய் கரைகிற நேரம் ஆகியிருக்கும். அப்புறம் சூசைநாதன் கேட்டார்.

"அவங்க பேரு என்ன?"

ஃபாதர் கஸ்பாரின் கை மணிக்குப் போனதை ஓரக்கண்ணால் பார்த்தேன். வெளித்தேர்வாளர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஒன்பது வருஷம். தஞ்சாவூர் என்பேன், அந்த வீடு என்பேன், ரூபனிடம் ‘உன் சித்தி’ என்பேன். சொன்னேன். சத்தம் வரவில்லை. மறுபடி சொன்னேன்.

"அபராதமா, அந்தப் பேரச் சொல்லி ஒரு அருள் நிறைந்த மரியே செபிங்க" என்றார் சூசைநாதன். "அப்புறம் அதே பேரச் சொல்லிப் போன்ல கூப்பிடுங்க. என்ன பேசணும்னு நான் சொல்ல மாட்டேன்."

மணி அடித்தது.

"பேரையா கேட்டீர்!" என்று போர்வையை உதறிவிட்டு எழுந்தார் ஃபாதர் கஸ்பார். "கையில வேற எழுதி வச்சிருக்கீர்!"

"அது கூட்டாளி பேரு ஃபாதர்" என்றார் வெளித்தேர்வாளர். "இதுல கூட்டாளி யாரு? அந்த அம்மா தனியாத்தான செஞ்சிருக்காங்க."

ஃபாதர் கஸ்பார் அவரை முறைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். கையை நீட்டி என் சீட்டை வாங்கிப் படித்தார். "ரெண்டு வரிதான் எழுதியிருக்கேன். மீதி நீங்க கற்பனை பண்ணுனதா ஜெசிந்தாம்மா?"

ஆமாம் என்றால் போதும். அதுதான் எல்லோருக்கும் நல்லது. இல்லை என்றால் தேர்வு செல்லாது, முதுகுளத்தூரில் அழைப்பிதழ் அச்சாகாது. தட்டியின் ஓட்டை வழியாக சூசைநாதனின் ஒரு கண் தெரிந்தது. அந்தக் கண் ‘ஆமாம்னு சொல்லுங்க’ என்று கெஞ்சவில்லை. ஒரு பொய்யை இறக்கி வைத்த இடத்திலேயே இன்னொன்றைத் தூக்க எனக்குத் தெம்பில்லை.

"என்னோடதுதான், ஃபாதர்" என்றேன்.

"மூணு மாசமாத் தொண்ட கிழியக் கத்துறேன்!" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "இங்க கேட்டது இங்கயே இருக்கும். ரெண்டு பேரும் வெளிய இருங்க" என்றார்.

வாகை மரத்தடியில் நின்றோம். என் வாழ்க்கையில் இவ்வளவு வெட்கப்பட்டதில்லை. "பிரதர், உங்க பட்டத்தக் கெடுத்துட்டேன்" என்றேன்.

"பத்து வருஷம் ஸ்டேஷன்ல எழுதுனேன் மேடம். தானா வந்து உண்மையச் சொன்னவங்கள நான் பாத்ததே இல்ல. இன்னைக்கி ஒருத்தரப் பாத்துட்டேன். ஃபெயில்னா ஆயிட்டுப் போறேன்." சொல்லிவிட்டு வாயிலிருந்து பாதி மிட்டாயை எடுத்துக் காட்டினார். "பாருங்க, கடிக்கவே இல்ல."

"அப்ப கரையறதுக்கு முன்னாலயே கேட்டுட்டீங்க!" என்றேன். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த குரங்கு இறங்கி ஓடியது.

அரை மணி கழித்துக் கூப்பிட்டார்கள். ஃபாதர் கஸ்பார் தாளைப் பார்த்துப் படிப்பதுபோல் சொன்னார். "யாரு வரணும்னு குரு முடிவு பண்ண முடியாது. வேஷத்தோட வருவாங்க, வேஷத்தக் கலைச்சிட்டும் வருவாங்க. சட்டத்த மீறுனது பாவி, குரு இல்ல. வந்தவங்கள இவரு கேட்டாரா இல்லையாங்கறதுதான் தேர்வு. கேட்டார். பிரதர், பாஸ். ஜெசிந்தாம்மா, நடிப்புல நீங்க ஃபெயில். டப்பாவ இப்படிக் குடுங்க."

கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "அஞ்சு மணிக்கு நான் கோவில்ல இருப்பேன்" என்றார்.

ஐந்து மணிக்குப் போனேன். அது இங்கே எழுதுவதற்கு இல்லை.

நவம்பர் 19

ஃபாதர் கஸ்பாரைக் காரிடாரில் மறித்து, ஒத்திகையில் கொடுத்த அபராதம் ஒருவரைக் கட்டுப்படுத்துமா என்று கேட்டேன். சட்டப்படிக் கட்டுப்படுத்தாது என்றார். நல்லது என்றேன். "ஆனா நீங்க சட்டப்படி நடக்கற ஆளு இல்லையே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நவம்பர் 20

காலையில் பூசை முடிந்து, துணி துவைத்து, தலையணை உறை மாற்றி, பேனாக்களை எல்லாம் எழுதிப் பார்த்து, எழுதாததைத் தூக்கிப் போட்டேன். பதினோரு மணிக்கு வேறு வேலை எதுவும் மிச்சமில்லை. போன் பண்ணினேன். நம்பர் இன்னும் மனப்பாடமாக இருந்தது.

மூன்றாவது மணியில் எடுத்தாள். "யாரு?"

"நான்தான்."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. யாரோ அணைத்தார்கள். அவள் பேசவில்லை. எனக்குப் புரிந்தது, இப்போது மிட்டாய் அவள் வாயில்.

"அன்னைக்கு நான் உனக்குப் போன் பண்ணல. பண்ணேன்னு சொன்னது பொய்."

"தெரியும்" என்றாள். "என் போன்ல ஒரு மிஸ்டு கால்கூட இல்லையேக்கா. அன்னைக்கே தெரியும். நீயாச் சொல்லட்டும்னுதான் இருந்தேன்."

அக்கா என்றாள். ஒன்பது வருஷமாக என்னை அப்படிக் கூப்பிட இந்த உலகத்தில் ஆள் இல்லை என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. அழுதேன். ஆனால் சொல்ல வேண்டியது இன்னும் இருந்தது. அதுதான் பெரியது.

"இன்னொன்னு. அம்மா கடைசி ரெண்டு நாளும் உன்னத்தான் கேட்டாங்க. கண்ணத் திறந்தா உன் பேருதான். அத உனக்குச் சொல்லாம நானே வச்சுக்கிட்டேன்."

"எப்படிக் கூப்பிட்டாங்க?" என்றாள். சின்னக் குரல், பாவாடை கட்டிய காலத்துக் குரல்.

அம்மா கூப்பிட்டது போலவே, அந்த இழுப்போடு சொல்லிக் காட்டினேன். "அமலிக்குட்டீ."

இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன். இன்னொரு தடவை. அறைக்கு வெளியே சிஸ்டர் பெனிட்டா கிரேக்கத்தைச் சத்தமாகப் படித்தார், தனக்கு எதுவும் கேட்கவில்லை என்று எனக்குத் தெரிவிக்க.

ஜனவரி 4

முதுகுளத்தூரில் குருப்பட்டம். பந்தல், பேண்டு, பிரியாணி. அப்பா எண்பத்திரண்டு வயதில் வெள்ளை வேட்டியில் மாப்பிள்ளை வீட்டார்போல் நடந்தார். அழைப்பிதழில் சூசைநாதனின் படம் கடைசியில் சரியாக விழவில்லை, போலீஸ் ஸ்டேஷனில் ஒட்டுகிற படம் மாதிரி இருக்கிறது.

அமலி தஞ்சாவூரிலிருந்து நேரே பஸ்ஸில் வந்து இறங்கினாள். தலை முழுக்க நரைத்திருக்கிறது. என்னைப் பார்த்ததும் கட்டிக்கொண்டு, ஒரு நிமிஷம் அழுது, விலகி நின்று, "என்னக்கா இது சேல, இதயா கட்டிட்டு வந்த?" என்றாள். அவளுக்குக் கொஞ்சம்கூடப் புத்தி வரவில்லை. அவள் கொண்டுவந்த பையில் ஆப்பிள் இருந்தது.

புதுக் குருவிடம் முதல் ஆசீர் வாங்க வரிசையில் நின்றோம். எங்கள் முறை வந்தது. ஃபாதர் சூசைநாதன் என்னைப் பார்த்தார், என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவளைப் பார்த்தார். வாய் திறந்தது. சட்டென்று மூடிக்கொண்டார். கன்னத்தை ஒரு தடவை உள்ளே இழுத்துப் பார்த்தார், பாவம், மிட்டாய் இல்லை.

"கேளுங்க ஃபாதர்" என்றேன்.

"வேண்டாம் மேடம்" என்றார், கண் கலங்கியிருந்தது. "எனக்குத்தான் தெரியுமே." இரண்டு கையையும் அவள் நரைத்த தலைமேல் வைத்தார். "அமலி, கடவுள் உன்னை ஆசீர்வதிப்பாராக" என்றார்.

அமலி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "என் பேரு இவருக்கு எப்படிக்கா தெரியும்?"

பந்திக்குப் போகும் வழியெல்லாம் அதையே கேட்டுக்கொண்டு வந்தாள். சாப்பிட்டு முடித்ததும் எல்லாம் சொல்கிறேன் என்று அவளுக்கும் சேர்த்து இலை போட்டு இடம் பிடித்தேன்.